மெழுகு வித்து வாங்குன ஊரு: வாசகர் கேள்வி, நம்ம பதில்

போன இதழ்ல சென்னை ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கம் இருக்கற சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைப் பத்தி போற போக்குல ஒரு வரி எழுதப்போக, அதுக்கே வாட்ஸ்அப்பும் லெட்டரும் வந்து குவிஞ்சிடுச்சு. அதனால சினிமா கேள்வி, சொத்துத் தகராறு கேள்வி, "உங்களுக்குப் பிடிச்ச சாம்பார் எது" கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளியாச்சு, கோவிச்சுக்காதீங்க. இந்த தடவை கலைஞர்கள் கூடி இருந்து வேலை செய்யற இடங்களைப் பத்தி மட்டும்.

மதுராந்தகத்திலிருந்து ஒரு வாசகி: பையனுக்கு 12 வயசு, எந்நேரமும் நோட்டுல கிறுக்கிட்டே இருக்கான். சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கு கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கேன். ஸ்டுடியோவுக்குள்ள போய் ஆர்ட்டிஸ்ட் வேலை செய்யறதை பார்க்க விடுவாங்களா சார்?

தாராளமா கூட்டிட்டுப் போங்கம்மா, ஆனா ஒண்ணை முதல்லயே சொல்லிடறேன், அது பொருட்காட்சி இல்ல, ஊரு. ஜனங்க குடியிருக்கற ஊரு. நான் முதல் தடவை போனப்ப இது தெரியாம, கேட் தொறந்திருக்கு, வாசல்ல ஆள் உயரத்துக்கு ஒரு சிற்பம் நிக்குது, சரி இதுதான் கேலரி போலன்னு செருப்பை கழட்டிப் போட்டுட்டு நேரா உள்ள நடந்துட்டேன். ஹால்ல ஒரு அம்மா அவரைக்காய் ஆய்ஞ்சுகிட்டே டிவி பார்த்துட்டிருக்காங்க. கோவமே படல, தலையைக்கூட முழுசா திருப்பல, "மியூசியம் அந்தப் பக்கம்"னு கத்தி பிடிச்ச கையாலயே காட்டுனாங்க. எத்தனை பேருக்கு அப்படி காட்டியிருப்பாங்களோ!

அதனால வீட்டோட ஒட்டின ஸ்டுடியோவுக்குள்ள போறது அந்த ஆர்ட்டிஸ்ட் கூப்பிட்டா மட்டும்தான். மத்தபடி பொதுவுல பார்க்க நிறைய இருக்கு. 2009ல திறந்த மியூசியம் இருக்கு, மெட்ராஸ் இயக்கம்னு சொல்றாங்களே, மெட்ராஸ் கலைப் பள்ளியை ஒட்டி வளர்ந்த மாடர்ன் ஆர்ட் கூட்டம், அந்த தலைமுறையோட படமும் சிற்பமும் ஒரே கூரைக்கு கீழ கிடைக்கிற இடம் அது. பக்கத்துலயே இண்டிகோ, லேபர்னம்னு ரெண்டு கேலரி, புதுப் புது ஆளுங்க ஷோ போடுவாங்க. வெளியில மரத்தடியில கல் சிற்பங்கள், ஒரு திறந்தவெளி மேடை. மணி, கிழமையெல்லாம் கிளம்பறதுக்கு முன்னாடி போன் போட்டு கேட்டுக்குங்க.

பையன்கிட்ட ஒரு வேலை கொடுங்க. அங்க செம்பு, பித்தளையில செஞ்ச உலோக சிற்பங்கள் இருக்கும், எஸ். நந்தகோபால் செஞ்சது மாதிரி. அதை முன்னாடி நின்னு பார்த்த கையோட பின்பக்கம் போய் பார்க்கச் சொல்லுங்க. முன்னாடி பார்த்தா மயில் தோகை மாதிரி விரிஞ்சு, மணி, வளையம், இலைன்னு நகாசு வேலை நெரிசலா இருக்கும், பின்னாடி போனா பத்த வச்ச தடம் வரிவரியா, ஒட்டுப் போட்ட தகடு, தாங்கற கம்பி. ஏன்னா கோயில் மூலவரை சுத்தி வந்து பார்க்கறோமா, நேரா நின்னு தானே கும்பிடறோம், அந்த மாதிரி நேர்முகமா பார்க்கறதுக்குன்னே செய்யற ஒரு பாணி இங்க உருவாச்சு. பொம்மையைப் பிரிச்சுப் பார்க்கற வயசு பையனுக்கு இந்தப் பின்பக்கம்தான் ரொம்ப பிடிக்கும்.

அப்புறம் இந்த ஊரை ஆரம்பிச்ச கே.சி.எஸ். பணிக்கர் வரைஞ்சதை காட்டுங்க. 1963 வாக்குல இருந்து 'சொற்களும் குறியீடுகளும்'னு ஒரு வரிசை வரைஞ்சார். பார்த்தா ஜாதகக் கட்டம் மாதிரி இருக்கும், மலையாள எழுத்து மாதிரி இருக்கும், கணக்கு நோட்டு மாதிரியும் இருக்கும், ஆனா உட்கார்ந்து படிச்சா ஒரு வார்த்தை கூட படிக்க வராது. நோட்டு ஓரத்துல கிறுக்கறவன் இதைப் பார்த்துட்டு உங்களை ஒரு பார்வை பார்ப்பான், ரெடியா இருங்க.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகர்: 1966ல ஓவியர்கள் சேர்ந்து கடற்கரையோரம் 10 ஏக்கர் வாங்குனாங்கன்னு எழுதியிருந்தீங்க. ஓவியன்கிட்ட ஏதுங்க அவ்ளோ காசு? கவர்மெண்ட் குடுத்துச்சா?

நல்ல கொங்குக் கேள்வி, நேரா காசுலயே கை வச்சுட்டீங்க. அந்த ஊரை ஆரம்பிச்ச கே.சி.எஸ். பணிக்கர் 1911ல உங்க கோயம்புத்தூர்லதான் பொறந்தார், அதனால கணக்கு தெரிஞ்ச ஆளாத்தான் இருந்திருக்கணும்!

அவர் மெட்ராஸ் கலைப் பள்ளியில, அதாவது 1850ல ஆரம்பிச்ச எழும்பூர் பள்ளிக்கூடம், அங்க படிச்சு, அங்கயே வாத்தியாராகி, 1957ல இருந்து பிரின்சிபால். இளவயசுல குடும்பத்துக்காக தந்தி டிபார்ட்மெண்ட் வேலைக்குப் போனவர், அதனால காசு இல்லாம ஒருத்தன் படம் வரைய முடியாதுங்கறது அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல. அவர் பார்த்தது என்னன்னா, நல்லா வரையற பசங்க படிப்பு முடிச்சதும் விளம்பர கம்பெனி, பள்ளிக்கூட ட்ராயிங் மாஸ்டர், ஜவுளி டிசைன்னு எங்கயாவது வேலைக்குப் போயிடறாங்க, ரெண்டே வருஷத்துல தூரிகை காஞ்சு போயிடுது. அப்ப மெட்ராஸ்ல மாடர்ன் ஆர்ட் வாங்கறதுக்கு ஆளே கிடையாதுன்னு சொல்லலாம்.

படம் விக்காது, சரி, எது விக்கும்? துணி விக்கும். அதுதான் விஷயமே. ஓவியர்களும் சிற்பிகளும் சேர்ந்து கைவினைச் சங்கம் ஒண்ணு வச்சு பாடிக், உலோக வேலை, பீங்கான்னு செஞ்சு கண்காட்சி போட்டு வித்தாங்க. அந்தக் காசுதான் நிலமாச்சு. முப்பது சொச்சம் பேர், இஞ்சம்பாக்கத்துல மணல், சவுக்கு, காத்துன்னு கிடந்த இடம், இன்னைக்கு பார்க்கற ஈசிஆர் ரோடெல்லாம் கனவுல கூட இல்ல, கீத்துக் கொட்டகையில ஆரம்பிச்ச வாழ்க்கை.

இந்தக் காலத்துப் பசங்களுக்கு பாடிக்னா என்னன்னே தெரியாம இருக்கலாம், அதனால கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன். மெழுகை உருக்கி, சூடா இருக்கும்போதே துணியில வரையணும். மெழுகு பட்ட இடத்துல சாயம் ஏறாது, அதான் சூட்சுமம். முதல்ல வெளிர் நிறம், மஞ்சள்னு வைங்க, முக்கி காய வச்சு, மஞ்சளாவே இருக்க வேண்டிய இடத்துக்கு மேல மெழுகு, அப்புறம் சிவப்புல முக்கு, காய வை, மறுபடியும் மெழுகு, கடைசியா கருப்பு இல்லன்னா கருநீலம். சாயத்தொட்டி ஆறியிருக்கணும், சூடா இருந்தா மெழுகு கரைஞ்சு போட்ட கோலமெல்லாம் போச்சு. மெழுகுலயும் கலவை இருக்கு, தேன்மெழுகு வளைஞ்சு குடுக்கும், பாரஃபின் முறுக்குனு உடையும், அந்த உடைஞ்ச கீறல் வழியா சாயம் இறங்கி மெல்லிசா நரம்பு மாதிரி ஓடும் பாருங்க, அதுக்குத்தான் மவுசே. எவ்வளவு உடையணுமோ அவ்வளவுக்கு பாரஃபின் சேர்ப்பாங்க. கடைசியில வெந்நீர்ல போட்டு மெழுகை எடுக்கணும். இந்த வேலையில கோடும் கலரும் தெரியாதவன் ஒண்ணும் பண்ண முடியாது, தெரிஞ்சவனுக்கோ இது வயித்துப்பாடு. அரை நாள் மெழுகுச் சட்டி பக்கத்துல, மீதி நாள் தன்னோட கேன்வாஸ் பக்கத்துல, ஒப்பந்தம் சிம்பிள்.

"கைவினை செஞ்சா கலைஞனோட தரம் இறங்கிடாதா"ன்னு அப்பவும் கேட்டவங்க உண்டு, இன்னைக்கும் கேக்கறாங்க. என் கட்சி என்னன்னா அந்த ஊரையே வாங்குனது மெழுகுச் சட்டிதான், அதை ஏதோ கஷ்டகாலத்துக் கதை மாதிரி ஓரமா வச்சுட்டு பெரிய பெரிய கேன்வாஸை மட்டும் பேசறது எனக்கு ஒப்பல. அங்க நடந்த பேச்சு, சண்டை, ஒருத்தர் படத்தை இன்னொருத்தர் கிழிச்சுத் தொங்க விடற விமர்சனம் எல்லாமே ஒரே கொட்டகையில பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்து வேலை செஞ்சதால வந்தது. கை வேலை செய்யுது, வாய் சும்மா தானே இருக்கு! ஆர்ட்ரெண்ட்ஸ்னு 1961ல ஆரம்பிச்ச ஒரு சின்ன பத்திரிகை கூட இந்தக் கூட்டத்தோடதுதான், அதுல ஜோசஃப் ஜேம்ஸ் எழுதுன விமர்சனங்களை இன்னைக்கும் தேடிப் பிடிச்சு படிக்கறாங்க.

அதே கோவை வாசகர், வாட்ஸ்அப்பில்: சோழனுக்கும் இஞ்சம்பாக்கத்துக்கும் என்ன சம்பந்தம்?

கறாரா பார்த்தா அந்த இடம் தொண்டை மண்டலம். ஆனா வெள்ளைக்காரன் வாயில 'கோரமண்டல்' ஆன மொத்தக் கரைக்குமே சோழமண்டலக் கரைன்னுதான் பேரு, அந்தக் கணக்குல வச்ச பேரு. காஞ்சிபுரம் வாசகர்கள் யாராவது சண்டைக்கு வந்தா நான் பொறுப்பில்ல.

கும்பகோணத்திலிருந்து ஒரு இளைஞர்: ஃபைன் ஆர்ட்ஸ் முடிச்சுட்டேன் அண்ணே. காலேஜ்ல இருந்தவரைக்கும் எச்சிங் (தகட்டுல ஆசிட் வச்சு படம் பொறிச்சு அச்சடிக்கறது) பண்ணேன். இப்ப பிரஸ் இல்ல. சொந்தமா வாங்கற விலையா அது? என்ன பண்றது?

தம்பி, பிரிண்ட்மேக்கிங் படிச்ச எல்லாருக்கும் வர்ற வியாதி இது, படம் வரையறவன் ஒரு பேப்பர் இருந்தா போதும், உனக்கு ஒரு டன் இரும்பு வேணும். மெட்ராஸ்ல கிரீம்ஸ் ரோட்டுல லலித் கலா அகாடமியோட மண்டல மையம் இருக்கு, 1978ல இருந்து. பெயிண்டிங், சிற்பம், கிராஃபிக்ஸ் (உன் பிரிண்ட்மேக்கிங்தான்), செராமிக்னு தனித்தனி ஸ்டுடியோ, அப்ளிகேஷன் போட்டு உன் வேலையோட போட்டோ குடுத்து, இடம் கிடைச்சா மாசக் கட்டணம் கட்டி வேலை செய்யலாம். ஹாஸ்டல் மாதிரி நினைச்சுக்காத, தங்கறதுக்கு நீதான் வழி பார்த்துக்கணும். ஆனா அந்த வளாகத்துல கிடைக்கற கூட்டாளிங்க இருக்காங்களே, களிமண் பிசையறவன், கல்லு கொத்தறவன், டீக்கு வெளிய வரும்போது எல்லாரும் ஒண்ணு, அதை எந்த காலேஜும் திருப்பித் தராது.

பொது பிரஸ்ல வேலை செய்யப் போறேன்னா ரெண்டு விஷயம். நான் ஒரு காலத்துல ஒரு பொது ஸ்டுடியோவுல (பேரு வேண்டாம்) நாலு நாள் ராவி, தேய்ச்சு, ஆசிட்ல கடிக்க விட்ட துத்தநாகத் தகடை எடுத்துட்டுப் போய், மை தடவி, துணியால துடைச்சு, ஊற வச்ச பேப்பரை மேல வச்சு, சக்கரத்தை சுத்துனேன். பேப்பரை தூக்குனா அதோட முதுகுல யாரோ ஒருத்தரோட கருப்புக் கை ரேகை! முன்னாடி வேலை செஞ்சவர் கையைத் துடைக்காம ஃபெல்ட்டை (பேப்பருக்கு மேல விரிக்கற கம்பளித் துணி) தொட்டிருக்கார், அது அப்படியே என் தலையில விடிஞ்சுது. அதனால ஒண்ணு, ஃபெல்ட்டைத் தொடறதுக்கு முன்னாடி கையைக் கழுவு, முன்னாடி ஆள் தொட்டதை தூக்கி வெளிச்சத்துல பாரு. ரெண்டாவது, பிரஸ்ல ரெண்டு பக்கமும் அழுத்தத்துக்கு திருகாணி இருக்கும், உன் தகடோட கனத்துக்கு ஏத்த மாதிரி திருப்புனா முடிச்சதும் பழைய அளவுக்கே கொண்டாந்து வை. இதை யாரும் போர்டுல எழுதி மாட்ட மாட்டாங்க, ஆனா இதை செய்யாதவனுக்கு மூணாவது நாள்ல இருந்து யாரும் டீ வாங்கித் தர மாட்டாங்க.

விழுப்புரத்திலிருந்து ஒரு நாடகக்காரர்: ஓவியர்களுக்குத்தான் இப்படி இடமெல்லாம் இருக்கா? எங்களுக்கு ரிகர்சலுக்கு கல்யாண மண்டபத்து மொட்டை மாடிதான் கதி.

உங்க ஊர்ல இருந்து பஸ் ஏறுனா ஒண்ணரை மணி நேரத்துல போற தூரத்துலயே ஒண்ணு இருக்குங்க. ஆரோவில் பக்கத்துல ஆதிசக்தி. வீணாபாணி சாவ்லா 1981ல பம்பாய்ல ஆரம்பிச்ச நாடகக் குழு, 1993ல புதுச்சேரிப் பக்கம் வந்தாங்க. வீணாபாணி 2014ல காலமானப்புறம் கூட இருந்த நடிகர்களே எடுத்து நடத்தறாங்க. தங்கி கத்துக்கற வொர்க்‌ஷாப் நடத்துவாங்க, வெளிக் குழுக்களும் வந்து தங்கி ஒத்திகை பார்த்துட்டுப் போறாங்க.

அங்க விசேஷம் என்னன்னா மூச்சு. கூடியாட்டத்துல (கேரளத்து பழைய சமஸ்கிருத நாடகம்) ஒவ்வொரு ரசத்துக்கும், அதாவது ஒவ்வொரு உணர்ச்சிக்கும், மூச்சு ஒரு விதமா மாறும்னு ஒரு பாடம் இருக்கு, அழுகைக்கு மூச்சு எங்க நிக்கும், கோவத்துக்கு எங்க ஏறும்னு. அதை அவங்க எடுத்து, களரிப்பயிற்று, மிழாவு வாசிப்பு எல்லாத்தையும் சேர்த்து நடிகனோட உடம்புக்குப் பாடமா மாத்துனாங்க. மிழாவு தெரியும்ல, பெரிய குடம் மாதிரி, வாய்ல தோல் கட்டி வெறும் கையால அடிக்கற கேரளத்து வாத்தியம். காலங்காத்தால உடம்பு முறியற பயிற்சி இருக்கும், மொட்டை மாடியே தேவலாம்னு ரெண்டாம் நாள் தோணும், ஓடி வந்துடாதீங்க.

நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகி: ஒரு கலை முகாம்ல ஒரு மாசம் தங்கி எழுத இடம் கிடைச்சிருக்குக்கா... இல்ல, சார்... (நீங்க அக்காவா சாரா?) சமையல்கட்டு பொது, கடைசி நாள் 'ஓப்பன் ஸ்டுடியோ'வாம், எல்லாரும் வந்து பார்ப்பாங்களாம். எனக்கு நாலு பேரோட உக்காந்து சாப்பிடவே கூச்சம். போகவா வேண்டாமா?

சார்தான்மா, எழுத்து பார்த்து அக்கான்னு நினைச்சா அது பாராட்டுன்னு எடுத்துக்கறேன்.

போங்க. கூச்சத்துக்கு நூறு வருஷம் முன்னாடியே மருந்து கண்டுபிடிச்சாச்சு. அமெரிக்காவுல நியூ ஹாம்ப்ஷயர்ல மேக்டவல்னு ஒரு இடம், 1907ல எட்வர்ட் மேக்டவல்ங்கற இசையமைப்பாளரும் பியானோ வாசிக்கற அவர் மனைவி மரியனும் ஆரம்பிச்சது, இந்த மாதிரி இடங்களுக்கெல்லாம் பாட்டி. அங்க காட்டுக்குள்ள தனித்தனியா ஸ்டுடியோ, ஒண்ணுல இருந்து பார்த்தா இன்னொண்ணு தெரியாது. மத்தியானச் சாப்பாட்டை ஒரு கூடையில வச்சு வாசப்படியில சத்தமில்லாம வச்சுட்டுப் போயிடுவாங்க, கதவைத் தட்டறது கிடையாது. ஆனா ராத்திரி சாப்பாடு எல்லாரும் ஒரே இடத்துல. பகல் உன்னுது, ராத்திரி ஊருக்கு, அவ்வளவுதான் கணக்கு. இன்னொண்ணு, ஸ்டுடியோ சுவத்துல மரப்பலகை மாட்டியிருக்கும், அங்க தங்குனவங்க ஒவ்வொருத்தரும் பேரும் தேதியும் எழுதிட்டுப் போவாங்க, அந்தப் பலகைக்கு செல்லப் பேரு 'கல்லறைக் கல்'! ராத்திரி தனியா உக்காந்து எழுத வராம தவிக்கறப்ப, இதே மேசையில தவிச்ச இத்தனை பேர்னு அதைப் பார்த்துக்கலாம்.

உங்க இடத்துல கூடை வராது, நீங்களேதான் சமைக்கணும். அதுக்கு என் யோசனை, முதல் நாளே நாகர்கோவில் மீன் குழம்பு இல்லன்னா அவியல் வச்சு நாலு பேருக்கு குடுத்துடுங்க. அப்புறம் ஒரு மாசம் நீங்க வாயே தொறக்க வேண்டாம், மத்தவங்க உங்களைச் சுத்தி வந்து பேசிட்டிருப்பாங்க. பாத்திரத்தை மட்டும் அன்னன்னைக்கே கழுவி வச்சுடுங்க, கலை முகாம்ல நடக்கற சண்டையில முக்காவாசி சிங்க்குலதான் ஆரம்பிக்குது. கடைசி நாளைக்கு முடிச்ச கதையைத்தான் காட்டணும்னு இல்ல, அடிச்சுத் திருத்துன தாளை சுவத்துல வரிசையா ஒட்டி வைங்க போதும், எழுதறவனோட அடித்தல் திருத்தலைப் பார்க்கறதுக்கு ஜனங்களுக்கு அப்படி ஒரு ஆசை.

சென்னையிலிருந்து ஒரு வாசகர்: சும்மா பழங்கதை பேசாதீங்க. இன்னைக்கு ஈசிஆர்ல கிரவுண்டு என்ன விலை தெரியுமா? சோழமண்டலம் இப்ப ஓவியர் கிராமமா, இல்ல கொடுத்துவச்சவங்க பங்களா காலனியா?

கேள்வியில கொஞ்சம் பொறாமை வாசனை அடிக்குது, எனக்கும் அந்தப் பொறாமை உண்டு, அதனால நேராவே பேசுவோம். அவங்க வாங்கறப்ப அது யாருக்கும் வேண்டாத மணல்காடு. பின்னால ரோடு வந்துச்சு, விலை ஏறுச்சு, அதுக்கு அவங்க என்ன பண்ணுவாங்க?

ஆனா நீங்க கேக்கறதுல நியாயமும் இருக்கு. பணிக்கர் 1977ல போயிட்டார். அவர் மகன் நந்தகோபால், மியூசியத்துக்காக ஓடியாடினவர், 2017ல. அக்கித்தம் நாராயணன், விஸ்வநாதன் மாதிரி சிலர் ஆரம்பத்துலயே பாரிஸ் போய் அங்கயே பேர் வாங்குனாங்க. ஆரம்பிச்ச தலைமுறை போகப் போக, ஓவியனோட பிள்ளை ஓவியனாத்தான் ஆகணும்னு சட்டமா இருக்கு? இன்னைக்கு காலேஜ் முடிச்ச ஒரு பையன் அங்க மனை வாங்கி குடியேற முடியுமான்னா முடியாது. அந்தக் கொட்டகை, மெழுகுச் சட்டி, சண்டை, அது ஒரு தலைமுறைக்கு வாய்ச்சது. கிராமமா இருந்தது பாதி மியூசியமா மாறிடுச்சுன்னு நீங்க சொன்னா நான் மறுக்க மாட்டேன்.

ஆனா பழங்கதைன்னு தள்ளாதீங்க, ராமானுஜம்னு ஒருத்தரை மட்டும் போய் பாருங்க. கே. ராமானுஜம். பேச்சு சரியா வராது, பழகத் தெரியாது, வெளி உலகத்துல ஒரு வேலையிலயும் நிலைச்சிருக்க முடியாத மனுஷன். அந்த ஊர்ல ஒரு மூலையில அவரை இருக்க விட்டாங்க. பேனாவும் மையும் வச்சு, மாளிகை, பறக்கற பாம்பு, இறக்கை வச்ச பெண்கள், நடுவுல தொப்பி போட்டுகிட்டு ராஜா மாதிரி அவரே. ஊசி முனை அளவு கோடு, ஆயிரக்கணக்குல, ஒண்ணு கூட இடிக்காது. 1973ல முப்பது வயசு தாண்டுன உடனே தன் உயிரை தானே எடுத்துகிட்டார், அந்த ஊரால அவரைக் காப்பாத்த முடியலைன்னுதான் சொல்லணும். ஆனா அவர் வரைஞ்சதெல்லாம் வரையறதுக்கு அந்த ஒரு மூலை இருந்துச்சு. மியூசியத்துல அவர் கோட்டோவியம் மாட்டியிருந்தா கண்ணாடிகிட்ட மூக்கு ஒட்டற தூரத்துல நின்னு பாருங்க, வாட்ச்மேன் தள்ளிப் போகச் சொன்னா ஒரு அடி தள்ளி மறுபடியும் பாருங்க. கிரவுண்டு விலையை அதுக்கப்புறம் பேசுவோம்.

(அடுத்த இதழ்ல வழக்கம்போல எல்லாக் கேள்வியும் உண்டு. திருநெல்வேலி வாசகர், உங்க சொத்துத் தகராறு கேள்விக்குத்தான் முதல் இடம்.)